ஒண்ணேமுக்கால் லட்சமும் ஒரு எஸ்.எம்.பி.எஸ்.ஸும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுட்டே வந்த பதிவு இது. கிளாஸ்ல பாதிப் பேர் கேட்டாச்சு: "டேய், நீ பெரிய சிஸ்டம் போட்டிருக்கியாமே, என்னென்ன வாங்கணும்னு ஒரு லிஸ்ட் குடு." லிஸ்ட் குடுக்கறது ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அந்த லிஸ்ட்டுக்குப் பின்னாடி ஒரு கருகின கிராபிக்ஸ் கார்டு, ஏழு மாசக் கடன், எங்கப்பா கேட்ட ஒரு கேள்வி எல்லாம் இருக்கு. அதையும் சேர்த்துச் சொன்னாத்தான் உங்களுக்குப் பிரயோஜனம். (மொக்கையா இருந்தா கடைசிப் பத்திக்குத் தாவிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.)

முதல்லயே சொல்லிடறேன், நான் பி.காம். படிக்கிறவன். எலக்ட்ரானிக்ஸ் எனக்குப் பாடம் இல்ல. ரெண்டரை வருஷமா காலேஜ் விட்டதும் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல டாலி என்ட்ரி போட்டுட்டு இருக்கேன். மாசம் எட்டாயிரம். கடன், பஸ், பரோட்டா எல்லாம் போக 2025 ஆகஸ்ட் வரைக்கும் சேர்ந்தது ஒண்ணேமுக்கால் லட்சம். அது மொத்தத்தையும் ஒரே பொட்டியில போடப் போறேன்னு வீட்ல சொன்ன அன்னைக்கு அம்மா ரெண்டு நாள் பேசலை.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கலாம்.

2023. காலேஜ் முதல் வருஷம். எங்கிட்ட ஒரு பழைய அசெம்பிள்டு சிஸ்டம் இருந்துச்சு. நண்பன் ஒருத்தன் லேப்டாப்புக்கு மாறினான். "லீவு முடியற வரைக்கும் வெச்சு விளையாடு"ன்னு அவனோட ஆர்டிஎக்ஸ் 2060 கார்டை எங்கிட்டக் குடுத்தான். என் கேபினெட்டோட இலவசமா வந்த எஸ்.எம்.பி.எஸ்.ல "500 வாட்ஸ்"னு பெருசா எழுதியிருந்துச்சு. கார்டுக்கு 160 வாட், ப்ராசஸருக்கு 65. தாராளமா போதும்னு கணக்குப் போட்டு மாட்டினேன். மூணாவது நாள் ராத்திரி, கேம்ல ஒரு பெரிய சண்டை நடுவுல, 'பட்'னு ஒரு சத்தம். ஸ்கிரீன் கருப்பு. அப்புறம் அந்த வாசனை. ஒரு தடவை மோந்து பார்த்தவன் மறக்க மாட்டான்.

எங்கப்பா மோட்டார் காயில் கட்டறவர். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து மோட்டார் எது எரிஞ்சாலும் அவர் கடைக்குத்தான் வரும். மறுநாள் அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். அவர் திறக்கறதுக்கு முன்னாடியே கையில தூக்கிப் பார்த்துட்டு, "என்ன சாமி, தக்கை மாதிரி இருக்குது"ன்னாரு. திறந்தா, உள்ள போர்டுல நாலஞ்சு இடத்துல பாகமே இல்ல. அதுக்குன்னு விட்ட இடம் காலியா இருக்கு, குறுக்க ஒரு கம்பியைப் போட்டு இணைச்சிருக்கான். கரண்ட் உள்ள வர்ற இடத்துல இருக்க வேண்டிய ஃபில்டர் அது.

அப்புறம் அப்பா கண்ணாடியைப் போட்டுட்டு லேபிள்ல இருந்த சின்ன எழுத்தைப் படிச்சாரு. 12 வோல்ட், 16 ஆம்பியர். பெருக்கினா 192 வாட். கிராபிக்ஸ் கார்டும் ப்ராசஸரும் சாப்பிடறது இந்த 12 வோல்ட்ல இருந்துதான். ரெண்டும் சேர்ந்து 225. மிச்சத்தை 5 வோல்ட், 3.3 வோல்ட்னு எதெதையோ கூட்டிப் பெருக்கி 500ன்னு அட்டையில அடிச்சிருக்காங்க. விக்கறவன் சொன்ன டேர்னோவரை நம்பி பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்காம விட்ட கதை.

தாங்கலைன்னா தானா அணைஞ்சு போற பாதுகாப்பு நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ல இருக்கும். இதுல அது இல்ல. தானும் செத்து, கார்டையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. நண்பன் "பரவால்லடா விடு"ன்னான். ஆனா அவன் குரல்ல பரவால்லங்கறது இல்ல. பழைய விலைக்குக் கணக்குப் பார்த்து பதினாலாயிரம், மாசம் ரெண்டாயிரமா ஏழு மாசம் குடுத்தேன். டாலி வேலைக்குப் போக ஆரம்பிச்சதே அந்தக் கடனுக்காகத்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

இந்தத் தடவை எல்லாத்தையும் ஒழுங்கா பண்ணணும்னு மூணு மாசம் உக்காந்து படிச்சேன். முதல் லிஸ்ட்டை எடுத்துட்டுப் போய் அப்பாகிட்டக் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"எதுக்கு சாமி இது?"

நான் தயாரா வெச்சிருந்தேன். வீடியோ எடிட்டிங் கத்துக்கலாம்ங்ப்பா, எக்செல் வேகமா ஓடும்ங்ப்பா, நாளைக்கு வேலைக்கும் உதவும்ங்ப்பா. அவர் சிரிச்சுட்டு மறுபடி, "அதுக்கு இருக்கறது பத்தாதா? எதுக்கு?"ன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு உண்மையைச் சொன்னேன். "விளையாடறதுக்குத்தான்ங்ப்பா." "அப்ப விளையாடறதுக்கு என்ன வேணுமோ அதை நல்லதா வாங்கு"ன்னுட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டாரு.

சொன்னா நம்ப மாட்டீங்க, அந்த ஒரு உண்மையில என் லிஸ்ட்ல பாதி மாறிடுச்சு. என் முதல் லிஸ்ட்ல இருந்தது 16 கோர் ப்ராசஸர், 64 ஜிபி ராம். "எடிட்டிங்"ங்கற பொய்க்காகச் சேர்த்தது. பெரும்பாலான கேமுக்கு எட்டு கோர் தாராளம். இல்லாத தேவைக்கு நாப்பதாயிரத்துக்கும் மேல ஒதுக்கியிருந்தேன். வீட்ல சொல்ற பொய்யை நாமளே நம்ப ஆரம்பிச்சா பில்லுதான் ஏறும்.

அடுத்தது, எல்லாரும் கிராபிக்ஸ் கார்டுல ஆரம்பிப்பாங்க. மானிட்டர்ல ஆரம்பிங்க. கார்டுக்கு எவ்வளவு வேலைங்கறதை முடிவு பண்றதே மானிட்டர்தான். 1080பி ஸ்கிரீன்ல சுமார் 20.7 லட்சம் புள்ளி. 1440பி-ல 36.9 லட்சம். 4கே-ல 82.9 லட்சம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்னா ஒரு ஃபிரேம் தயாரிக்க கார்டுக்கு 16.7 மில்லி விநாடி நேரம். 144 ஹெர்ட்ஸ்னா 6.9 தான். 4கே வாங்கிட்டா அதை ஓட்டறதுக்குக் கார்டு, கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்., சூட்டுக்கு கேபினெட்டுன்னு எல்லாமே ஒரு படி ஏறும். நான் 27 இன்ச் 1440பி போதும்னு நிறுத்தினேன்.

என்ன கேம்ங்கறதும் முக்கியம். எல்டன் ரிங் எத்தனை லட்சம் குடுத்து சிஸ்டம் போட்டாலும் 60 ஃபிரேமுக்கு மேல போகாது, அவங்களே பூட்டு போட்டிருக்காங்க. சைபர்பங்க் 2077-ல ரே டிரேசிங் முழுசா போட்டா எந்தக் கார்டுக்கும் மூச்சு வாங்கும். வேலரன்ட் மட்டும்தான் ஆடுவேன்னா இந்தப் பதிவே உங்களுக்குத் தேவையில்ல, பழைய கார்டே போதும்.

இப்ப கார்டு. நம்ம பேராசிரியர் முதல் செமஸ்டர்ல நடத்தின இறுதிநிலைப் பயன்பாடு குறைந்து செல் விதி ஞாபகம் இருக்கா? ரெண்டாவது மாம்பழம் முதல் மாம்பழம் மாதிரி இனிக்காது. அதை அப்படியே இங்க பார்க்கலாம். 2025-ல வந்தப்ப அமெரிக்காவுல அறிவிச்ச விலை: ஏஎம்டி ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 599 டாலர், என்விடியா ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ 749, 5080 வந்து 999, 5090 வந்து 1,999. 5070 டிஐ-ல இருந்து 5080-க்குப் போனா காசு 33 சதவீதம் கூட, கிடைக்கற வேகம் சுமார் 15 சதவீதம்தான் கூட. 5090-ன்னா அந்தக் கார்டு மட்டுமே 575 வாட். டாலருக்கு 85 ரூபாய்னு வெச்சு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தா ரெண்டு லட்சம். என் மொத்த சேமிப்பையும் தாண்டி.

நான் 9070 எக்ஸ்டி எடுத்தேன். 16 ஜிபி மெமரி, 304 வாட். சாதாரண கிராபிக்ஸ்ல 5070 டிஐ-க்குப் பக்கத்துல நிக்கும். ரே டிரேசிங்ல என்விடியா முன்னாடி, டிஎல்எஸ்எஸ்ஸும் அதிக கேம்ல இருக்கு. எனக்கு ரே டிரேசிங் பைத்தியம் அவ்வளவா இல்ல. உங்களுக்கு இருந்தா கூடுதல் காசு குடுக்கறதுல தப்பில்ல.

ப்ராசஸர் கதை சுவாரசியமானது. ஏஎம்டி-யோட எக்ஸ்3டி வகையில கேஷ் மெமரியை மாடி கட்டற மாதிரி இன்னொரு அடுக்காச் சேர்த்திருப்பாங்க. சாதாரண எட்டு கோர் ரைசன்ல எல்3 கேஷ் 32 எம்பி, இதுல 96 எம்பி. கேமுக்கு அடிக்கடி வேணுங்கற தகவலை ராம் வரைக்கும் போய் எடுத்துட்டு வராம பக்கத்துலயே வெச்சுக்கும். ஆபீஸ்ல அடிக்கடி தேவைப்படற வவுச்சர் ஃபைலை ரெக்கார்ட் ரூம்ல வைக்காம டேபிள் மேலயே வெச்சுக்கற மாதிரி. 2023-ல வந்த 7800 எக்ஸ்3டி-ல இந்த அடுக்கு கோர் மேல உக்காந்திருக்கும். 2024 நவம்பர்ல வந்த 9800 எக்ஸ்3டி-ல கோருக்குக் கீழ போயிடுச்சு. சூடு சுலபமா வெளிய போறதால இன்னும் வேகமா ஓடுது. ஆசை யாரை விட்டது? 9800-ஐ எழுதினேன்.

ஆகஸ்ட்ல நான் போட்ட பட்ஜெட் (ரவுண்டா, எனக்குக் கிடைச்ச விலை):

மானிட்டர் – 20,000
கிராபிக்ஸ் கார்டு – 62,000
ப்ராசஸர் – 44,000
மதர்போர்டு – 15,000
ராம் 32 ஜிபி டிடிஆர்5 – 10,000
எஸ்.எஸ்.டி. 1 டிபி – 6,000
எஸ்.எம்.பி.எஸ். 850 வாட் கோல்டு – 10,000
கேபினெட் – 5,000
கூலர் – 3,000
ஆக மொத்தம் – 1,75,000

டாலி ஆயிடுச்சு! உடனே வாங்கியிருக்கணும். "தீபாவளி ஆஃபர்ல ஒரு அஞ்சாயிரம் குறையும்"னு புத்திசாலித்தனமா காத்திருந்தேன். கம்ப்யூட்டர் சாமான் நாளாக நாளாகக் குறையும்ங்கறதுதானே நாம பார்த்துப் பழகினது?

2025-ல அது தலைகீழா நடந்துச்சு. உலகத்துல பெரும்பாலான ராம் சிப்பைச் செய்யறது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான்னு மூணே கம்பெனி. ஏஐ டேட்டா சென்டர்காரங்க பெரிய விலை குடுத்து மெமரியை அள்ள ஆரம்பிச்சதும் தயாரிப்பு அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. நமக்கு வர்ற சரக்கு குறைஞ்சு விலை ஏறுச்சு. தீபாவளிக்கப்புறம், நவம்பர் நடுவுல நான் போய் நின்னப்ப அதே 32 ஜிபி கிட் 19,000. டிசம்பர்ல இன்னும் மேல போச்சு. மைக்ரான் தன்னோட க்ரூஷியல் நுகர்வோர் வியாபாரத்தையே மூடறோம்னு அதே டிசம்பர்ல அறிவிச்சது. ஆஃபர்ல மிச்சம் பிடிக்கப் போய் ஒன்பதாயிரம் துண்டு விழுந்தது.

எதை வெட்டலாம்? காந்திபுரத்துல ஒரு கடையில ரெண்டு யோசனை சொன்னாங்க. முதல் யோசனை: பில் வேண்டாம்னா நாலாயிரம் குறைச்சுக்கலாம். ஒண்ணேமுக்கால் லட்சத்துல வரி மட்டுமே சுமார் 26,700. எனக்கு நாலாயிரத்தைக் காட்டிட்டு மிச்சம் அவங்க பாக்கெட்டுக்கு. அது போக, பில் இல்லாம மூணு வருஷ வாரன்டியை எதைக் காட்டிக் கேட்கறது? (கிளாஸ்ல ஒருத்தன், "உங்கப்பா கடை ஜி.எஸ்.டி. நம்பர்ல பில் போட்டு இன்புட் கிரெடிட் எடுத்துடு"ன்னான். சொந்த உபயோகத்துக்கு வாங்கற பொருளுக்குக் கிரெடிட் கிடையாது ராசா. 17(5) படிக்காம பரீட்சைக்கு வராதே.)

ரெண்டாவது யோசனை: "எஸ்.எம்.பி.எஸ்.க்கு எதுக்குத் தம்பி பத்தாயிரம்? ரெண்டாயிரத்து ஐநூறுல 750 வாட் தர்றேன். ஃபிரேம் ஒண்ணும் குறையாது."

அவர் சொன்னது நிஜம். ஒரு ஃபிரேம்கூடக் குறையாது. ஏழாயிரத்து ஐநூறு ஒரே அடியில மிச்சம், 9800-ஐயும் வெச்சுக்கலாம். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், ஒரு கார்டு கருகி ஏழு மாசம் கடன் கட்டின நானே அரை மணி நேரம் அந்தக் கடையில நின்னு யோசிச்சேன். சரின்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. எதுக்கும் அப்பாவுக்கு ஒரு போன் போட்டேன்.

அவருக்குக் கிராபிக்ஸ் கார்டு தெரியாது. அதனால நான் விளக்கினேன். கார்டு 304 வாட்னு போட்டிருந்தாலும் சில மில்லி விநாடிக்கு அதுக்கு ரொம்ப மேல இழுக்கும்ங்ப்பா. அவ்வளவுதான் சொன்னேன், மிச்சத்தை அவர் சொன்னாரு. "மோட்டார் ஸ்டார்ட் ஆகறப்ப அஞ்சாறு மடங்கு ஆம்பியர் இழுக்குமல்ல, அந்த மாதிரி. ஓடறப்ப எல்லா ஒயரும் தாங்கும் சாமி. இழுக்கறப்பத் தாங்கறதுக்குத்தான் காசு." கொஞ்சம் நிறுத்திட்டு, "ப்ராசஸரைக் கொறைச்சு வாங்கினா என்ன ஆகும்?"ன்னாரு. கொஞ்சம் மெதுவா ஓடும்ங்ப்பா. "இதைக் கொறைச்சா?" நான் பதில் சொல்லலை.

அவர் சொன்ன அந்த இழுப்புக்குன்னே 2022-ல வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரத்துல விதி இருக்கு. நூறு மைக்ரோ விநாடிக்கு தன் அளவைப் போல ரெண்டு மடங்கு இழுப்பு வந்தாலும் எஸ்.எம்.பி.எஸ். தாங்கணும். வாங்கறப்ப இதைப் பாருங்க, 12 வோல்ட்ல எத்தனை ஆம்பியர்னு பாருங்க. 80 பிளஸ் கோல்டுங்கறது சுவர்ல இருந்து எடுக்கற கரண்ட்டை எவ்வளவு வீணாக்காம மாத்துதுங்கற அளவு மட்டும்தான். அதை வெச்சு மட்டும் தரத்தை முடிவு பண்ணாதீங்க.

ப்ராசஸர்ல கை வெச்சேன். 9800-க்குப் பதில் 7800 எக்ஸ்3டி, 35,000. சரியா ஒன்பதாயிரம் மிச்சம். ரெண்டுக்கும் கேம்ல சராசரி எட்டு சதவீதம் வித்தியாசம்னு ஏஎம்டி-யே சொன்னது. அதுவும் 1440பி-ல என் கார்டு முழு மூச்சுல ஓடறப்ப ப்ராசஸர் பல இடத்துல சும்மா காத்துட்டுதான் இருக்கும். அதைவிட முக்கியம், இந்த ஏஎம்5 சாக்கெட்டை 2027 தாண்டியும் ஆதரிப்போம்னு ஏஎம்டி சொல்லியிருக்கு. நாளைக்குக் காசு வந்தா ப்ராசஸரை மட்டும் கழட்டி மாத்திக்கலாம். திரும்ப வாங்கிக்கக் கூடியதுல சிக்கனம் பண்ணலாம். போனா கூட இருக்கறதையும் கூட்டிட்டுப் போறதுல பண்ணக் கூடாது. மூணு மாசம் படிச்சு, ரெண்டரை வருஷக் காசைக் குடுத்துக் கத்துக்கிட்டது இவ்வளவுதான்.

மாட்டின அன்னைக்கு ஒரு கூத்து. எல்லாம் முடிச்சு பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுத்துது, ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்ல. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். அப்பா சுவர் ஸ்விட்ச் மேல கையை வெச்சுட்டு நின்னாரு. எனக்கு 2023 ராத்திரி அப்படியே திரும்பி வந்துடுச்சு, மூக்கு தானா வாசனை தேடுது. மூணு நிமிஷத்துக்கு மேல ஆன பிறகுதான் படம் வந்துச்சு. ஏஎம்5 போர்டு முதல் தடவை ராமைச் சோதிச்சுப் பழகறதுக்கு அவ்வளவு நேரம் எடுக்குமாம். படிச்சிருந்தேன், பதட்டத்துல மறந்துட்டேன். நீங்க மாட்டினா பயந்து நடுவுல அணைச்சுடாதீங்க. அப்புறம் பயாஸ்ல எக்ஸ்போவை ஆன் பண்ணுங்க, இல்லைன்னா 6000-னு வாங்கின ராம் அந்த வேகத்துக்கு வராமயே ஓடிட்டிருக்கும்.

இது முதலீடான்னு கேட்டா, இல்ல. வருமான வரிக் கணக்குல கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம். அந்தக் கணக்குப்படி 1,75,000 ஒரு வருஷத்துல 1,05,000, ரெண்டாவது வருஷம் 63,000, மூணாவது வருஷம் 37,800. சி.ஏ. கோச்சிங்குக்குக் கட்டியிருக்கலாமேன்னு அம்மா இன்னமும் சொல்றாங்க. தப்பில்ல, அதுதான் வாய்ப்புச் செலவு. ஆனா இதை வீண் செலவுன்னும் எழுத மனசு வரலை. ஆசைக்குச் செலவு பண்ணேன், ஆசைன்னு சொல்லியே பண்ணேன். லெட்ஜர்ல சரியான தலைப்புல எழுதின செலவு உறுத்தறதில்ல.

போன வாரம் அந்த நண்பன் வீட்டுக்கு வந்தான். கன்ட்ரோலரை அவன் கையில குடுத்தேன். உக்காந்தவன் கேமைப் பார்க்கலை, குனிஞ்சு கேபினெட்டுக்குக் கீழ பார்த்துட்டுக் கேட்டான்: "டேய், எஸ்.எம்.பி.எஸ். என்ன போட்டிருக்க?"

பி.கு.: லிஸ்ட் மட்டும் போதும்னு கடைசிக்குத் தாவி வந்தவங்களுக்கு: ராம் விலையை வாங்கற அன்னைக்குப் பாருங்க, நான் எழுதினதை நம்பாதீங்க. கேபினெட்டோட இலவசமா எஸ்.எம்.பி.எஸ். வந்தா, அதை வாங்கி எங்கப்பா கடையில குடுத்துடுங்க. பேப்பர் வெயிட்டுக்கு வெச்சுக்குவாரு. அதுக்கும் எடை பத்தாதுன்னுதான் சொல்வாரு.